பலகை நுனியில் ஓர் ஆள்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மணல் மூட்டை. அது கரையில் இல்லை. கடலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாய்மரப் படகின் பக்கவாட்டில் நீட்டியிருந்த பலகையின் நுனியில், தண்ணீருக்கு மேலே, கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மறுநாள் போட்டிக்கு ஒத்திகை பார்த்தபடி அதே தண்ணீரில் வேறு பத்துப் படகுகளும் ஓடின. அவற்றின் பலகைகளில் மூன்று மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஒரு படகில் மட்டும் இரண்டு பேர், அவர்களுக்கு அப்பால் மூட்டை.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மூட்டைக்கு நீச்சல் தெரியுமாடா?" என்று ஒருவர் கத்தினார்.

"தெரியாட்டி என்ன? அது முங்குனா அழுவுறதுக்கு ஆளில்லை" என்றார் இன்னொருவர்.

முதல் பேச்சுக்குச் சிரித்தவர்கள் இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்கு நான் புதுக்கோட்டையில் நிருபர். மணமேல்குடிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கரை இன்று புதுக்கோட்டை மாவட்டம். அப்போது தஞ்சாவூர் ஜில்லா. என் எல்லைக்கு வெளியே இருந்த ஊர். ஆனாலும் போனேன், ஏனென்றால் என்னை அழைத்தது செய்தி எழுத மட்டுமல்ல. வைகாசித் திருவிழாவை ஒட்டி அங்கே இரண்டு நாள் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். சனிக்கிழமை சின்னப் படகுகள், ஞாயிற்றுக்கிழமை பெரிய படகுகள். வடக்கூர், தெக்கூர் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. ஒன்றின் நடுவரை மற்றொன்று நம்பாது. அதனால் கடற்கரையில் சொந்தமே இல்லாத ஒருவரை உள்நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்து கடைசித் திருப்பத்தில் நிறுத்துவது வழக்கம். முந்தைய வருடம் அறந்தாங்கியிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் வந்திருந்தாராம். அவர் வாந்தி எடுத்ததைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன.

என்னைக் கூட்டிப்போக வந்தவர் விழாக் கமிட்டிச் செயலாளர். வடக்கூர்க் கருவாட்டு வியாபாரி. பருத்த உடம்பு, ஓயாத வாய்.

"சார், ஒங்களுக்குக் கடல் தெரியுமா?"

"தெரியாது."

"ரொம்ப நல்லதுங்க. தெரிஞ்சவன்தான் பொய் சொல்லுவான்."

மூட்டை கட்டிய படகைக் காட்டி அது ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மணலில் உட்கார்ந்து விரலால் கோடு போட்டு விளக்கினார்.

இந்தக் கரையின் பாய்மரப் படகுக்கு வத்தை என்று பெயர். ஒடுங்கின உடம்பு, அதற்குத் தகாத பெரிய பாய். காற்று ஒரு பக்கமிருந்து பாயைத் தள்ளும்போது படகு மறுபக்கம் சாயும். சாயாமலிருக்க, காற்று வரும் பக்கமாக நீளப் பலகை ஒன்றை வெளியே தள்ளி, அதன்மேல் மூன்று பேர் உட்காருவார்கள். அவர்களுக்குக் கீழே படகு இல்லை, கடல்தான். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் காற்று பக்கம் மாறும். அதற்கு முன்னால் பலகையில் இருப்பவர்கள் உள்ளே வந்து, பலகையை இழுத்து, மறுபக்கம் தள்ளி, அதில் ஏறி உட்கார வேண்டும். அவர்கள் உள்ளே வருமுன் சுக்கான்காரர் படகைத் திருப்பிவிட்டால், பலகை இருக்கும் பக்கம் தண்ணீருக்குள் போகும். பாய் அவர்கள் மேல் விழும்.

ஆகவே இரண்டு வார்த்தைகள் உண்டு. சுக்கான்காரர் "பலகை!" என்று கூப்பிடுவார். உள்பக்கம் இருப்பவர் முதலில் வருவார், நுனியில் இருப்பவர் கடைசியாக வருவார். நுனி ஆள் படகுக்குள் கால் வைத்ததும் "உள்ளே!" என்பார். அந்த வார்த்தை வந்த பிறகுதான் சுக்கான் அசையும்.

"போன வருசம் ஐப்பசியில," என்று வியாபாரி மணலில் போட்ட கோட்டைக் கையால் அழித்தார், "இந்த வத்தைக்காரர், எங்க ஊருதான், தொழிலுக்குப் போயிட்டு வரும்போது நல்ல மழை. திருப்பினாரு. நுனியில இருந்தவன் தெக்கூர்ப் பய. மூணா நாள் பொணமா ஒதுங்குனான்."

வத்தைக்காரர் சொன்னது ஒன்றே: கூப்பிட்டேன், பதில் வந்தது, திருப்பினேன். அன்று படகில் இருந்த மற்றவர்களில் ஒருவர் பதில் கேட்டதாகச் சொன்னார். இன்னொருவர் மழையில் எதுவும் கேட்கவில்லை என்றார். ஊர்க்கூட்டம் மூன்று முறை கூடி, முடிவு சொல்லாமல் கலைந்தது. யாரும் அவரை விலக்கி வைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், நல்லது கெட்டதுக்கு அழைத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அவருடைய பலகை நுனியில் யாரும் உட்காரவில்லை. இரண்டு பேரை வைத்து ஓட்டினால் பாதிப் பாய்தான் விரிக்க முடியும். பாதிப் பாயில் ஆழத்துக்குப் போக முடியாது. ஏழு மாதமாக அவர் கரையை ஒட்டியே வலை போட்டுக்கொண்டிருந்தார்.

திருவிழா முடிந்த திங்கட்கிழமைதான் அடுத்த பருவத்துக்குத் தொழில் தொடங்கும் நாள். அன்று ஒரு படகில் ஏறியவர் பருவம் முழுக்க அதே படகில் போவார். போட்டியில் ஒருவர் நுனியில் உட்கார்ந்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டால், திங்கட்கிழமை ஆள் கிடைக்கும் என்பது வத்தைக்காரரின் கணக்கு. போட்டி விதிப்படி படகுக்கு ஆறு பேர் வேண்டும். மூட்டை ஆளாகாது.

வத்தைக்காரரை மாலையில் பக்கத்தில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். குட்டையானவர், தோள் மட்டும் அகலம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அவருடைய மனைவி பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் ஊசியை நிறுத்தினார்.

"பேப்பர்ல எழுதுவீங்களா? எழுதுங்க. பலகைக்கு ஆளில்லாத வத்தை வெறகுக்குத்தான் ஆகும்னு எழுதுங்க."

"சும்மா இரு" என்றார் கணவர்.

"ஏழு மாசமாச் சும்மாத்தானே இருக்கேன்."

அன்றைய சின்னப் படகுப் போட்டியில் தெக்கூர்ப் படகு ஒன்று இரண்டாவதாக வந்தது. சுக்கான் பிடித்தவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. திருப்பங்களில் ஒரு துளி வேகத்தையும் இழக்காமல் ஓட்டினார். செய்திக்காக அவரிடம் பேச எழுந்தபோது வியாபாரி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இறந்தவரின் தம்பி அவர்.

வெயில் இறங்கும் நேரத்தில் அந்தத் தம்பி தெக்கூர்க் கூட்டத்தை விட்டுத் தனியாக நடந்து வந்து, வத்தைக்காரரின் படகுக்கு முன் நின்றார். வத்தைக்காரர் பலகை நுனியில் மூட்டையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் கெடைச்சுருச்சாண்ணே?"

"இல்லை."

"நான் ஒக்காருறேன்."

மூட்டையைப் பற்றிக் கத்திய ஆள் பீடியை வாயிலிருந்து எடுத்தார். வத்தைக்காரரின் மைத்துனர், மனைவியின் தம்பி, எழுந்து நடுவில் வந்தார். அவர்தான் அந்தப் படகில் பாய்க்கயிறு பிடிப்பவர். கோபக்காரர்.

"எதுக்கு? எங்க வத்தையைக் கவுக்கவா?"

"கவுந்தா நானும்தானே முங்குவேன்?"

"ஒனக்கு அதைப் பத்திக் கவலை இருக்க மாதிரித் தெரியலையே."

வத்தைக்காரர் கயிற்றைச் சுற்றி முடித்து ஓரமாக வைத்தார். தம்பியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "பத்து மணிக்குப் பாய் ஏத்துவோம். வந்துரு" என்றார்.

தம்பி போன பிறகு வத்தைக்காரரின் மனைவி தைத்துக்கொண்டிருந்த பாயை அப்படியே மணலில் போட்டார். "அவன் வேண்டாங்க. மூட்டையே போதும். கடைசியா வந்தாலும் பரவாயில்லை."

"மூட்டையை வச்சா ஓடவே விடமாட்டாக" என்றார் மைத்துனர்.

"அப்ப ஓடாதீங்க."

வத்தைக்காரர் மணலில் கிடந்த பாயை எடுத்து உதறி மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு என்னையும் வியாபாரியையும் ஒரு படகில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டாவது கொடிக்குப் பக்கத்தில் நங்கூரக் கல்லைப் போட்டு நிறுத்தினார்கள். பனைமரத் துண்டில் மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணி கட்டியதுதான் கொடி. எங்கள் படகோட்டி தெக்கூர், வியாபாரி வடக்கூர், நான் யாருமில்லை. கரை ஒரு மைலுக்கு மேல் தள்ளி, சவுக்குத் தோப்பு ஒரு கரிய கோடாகத் தெரிந்தது.

போட்டியின் பாதை எளிது. கரையிலிருந்து கிழக்கே முதல் கொடி. அங்கிருந்து தெற்கே, சோழகம் என்று அவர்கள் சொல்லும் தென்காற்றை எதிர்த்து, வளைந்து வளைந்து ஏறினால் இரண்டாவது கொடி. அதைச் சுற்றிவிட்டால் காற்று முதுகுப்பக்கம் வந்துவிடும், நேரே கரை. ஒவ்வொரு படகிலும் பாரத்துக்காக மணல் மூட்டைகள் இருக்கும். எதிர்க்காற்றில் அந்தப் பாரம் படகை நிலைநிறுத்தும். கொடியைச் சுற்றிய பிறகு அது வெறும் சுமை, கடலில் கொட்டிவிடுவார்கள். அதில்தான் தவறு நடக்கும் என்று வியாபாரி முன்கூட்டியே சொன்னார். முன்னால் ஓடுகிறவன் அவசரப்பட்டு, கடைசித் திருப்பத்துக்கு முன்பே கொட்டுவான்.

"கொட்டுனா?"

"காத்து சும்மா இருந்தா ஒண்ணுமில்லைங்க. காத்து என்னைக்கு சும்மா இருந்துச்சு?"

பத்தே கால் மணிக்குக் கரையில் வெடி போட்டார்கள். புகை தெரிந்து, சற்றுக் கழித்துத்தான் சத்தம் வந்தது. பதினோரு பாய்கள் ஒரே சமயத்தில் எழுந்தன. பெரும்பாலானவை மரப்பட்டைச் சாயத்தில் நனைத்த செம்பழுப்பு. வடக்கூர் முன்னணிப் படகுக்கு மட்டும் புதிய வெள்ளைப் பாய். அது வியாபாரியின் சம்பந்தி வீட்டுப் படகு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் கொடி வரை என்னால் படகுகளை அடையாளம் காண முடியவில்லை. எதிர்க்காற்றில் ஏறத் தொடங்கியதும் அவை பிரிந்தன. சில கிழக்கே ஒதுங்கின, சில கரைப்பக்கம் வளைந்தன. காற்று ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் படகு ஆடியதில் வியாபாரியின் பேச்சு குறைந்தது. வெள்ளைப் பாய் முன்னால் வந்தது. அதற்கு இணையாக இன்னொன்று. தைத்த கிழிசலின் நீளக் கோடு பாயில் தெரிந்தபோது அது வத்தைக்காரருடையது என்று புரிந்தது.

பலகையில் மூன்று பேர். நுனியில் தம்பி. மார்பு வரை நனைந்திருந்தார். ஒவ்வோர் அலையிலும் பலகை தாழ்ந்து அவருடைய கால்கள் தண்ணீரைக் கிழித்தன. இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்தபடி, முகத்தைக் கடலுக்குக் கொடுக்காமல், சுக்கான் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் காற்றை மீறி அந்த இரண்டு குரல்களும் எங்களை எட்டின.

"பலகை!"

"உள்ளே!"

படகு திரும்பியது. மூன்று பேரும் மறுபக்கம் ஏறினார்கள். மறுபடி ஒரு நீண்ட ஓட்டம். மறுபடி குரல்கள். மூன்று முறை இது தவறில்லாமல் நடந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பாய் சற்றுப் பின்தங்கியது.

"ஓட்டுறான்யா" என்றார் வியாபாரி. சம்பந்தி வீட்டுப் படகு தோற்றுக்கொண்டிருந்ததை மறந்துவிட்டார்.

கடைசித் திருப்பத்துக்கு முந்தைய ஓட்டத்தில் அவர்கள் எங்களை நோக்கி நேராக வந்தார்கள். ஒரு கல்லெறி தூரம். படகுக்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் ஒரு மூட்டையைத் தூக்கி விளிம்பில் வைத்துக் கொட்டினார். பிறகு இன்னொன்று.

"கொட்டாதடா!" என்று எங்கள் படகோட்டி தன்னை மறந்து கத்தினார். நடுவர் படகிலிருந்து யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நான் அவரைக் கண்டிக்கவில்லை.

மூன்றாவது மூட்டையும் போனது. படகு இலேசாகி முன்னால் பாய்ந்தது. காற்றும் அப்போதே ஒரு படி ஏறியது. வத்தைக்காரர் கொடியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"பலகை!"

உள்பக்கத்து ஆள் வந்தார். இரண்டாவது ஆள் வந்தார். தம்பி வந்தார். படகுக்குள் இரண்டு காலையும் வைத்து, குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் உள்ளே இருப்பதை நானே பார்த்தேன். வத்தைக்காரரும் பார்த்திருக்க வேண்டும். ஆனால் வார்த்தை வரவில்லை.

"பலகை!"

தம்பி அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது.

பலகையில் ஆளில்லை. அடியில் மணலில்லை. முழுப் பாயிலும் காற்று. படகு இடப்பக்கம் சாயத் தொடங்கியது. விளிம்பு தண்ணீரைத் தொட்டது, பிறகு தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. திருப்பிவிட்டால் அந்தக் கணமே படகு நிமிர்ந்துவிடும், கொடியும் முன்னால், போட்டியும் முடிந்த மாதிரி. மைத்துனர் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி தலையைத் திருப்பிக் கத்தினார்.

"மச்சான், எல்லாரும் உள்ளதான் இருக்கோம்! திருப்புங்க!"

"பலகை!" என்றார் வத்தைக்காரர் மூன்றாவது முறை.

"அட, அவன் உள்ளதான்யா ஒக்காந்திருக்கான்! கண்ணு தெரியலையா? திருப்புய்யா!" என்று மைத்துனர் மறுபடி கத்தினார்.

தண்ணீர் இறைப்பவர் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லித் தொலைடா!" தம்பி அசையவில்லை.

வத்தைக்காரரின் கை சுக்கானில் அப்படியே இருந்தது. சத்தம் போடாமல், ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி, மைத்துனரிடம் சொன்னார்: "பாயை விடு. மொத்தமா விடாத. கொஞ்சங்கொஞ்சமா."

"கொடி கிட்ட வந்துட்டோம்!"

"விடுடா."

கயிறு தளர்ந்தது. பாய் காற்றை உதிர்த்துப் படபடத்தது. படகு மெல்ல நிமிர்ந்தது, வேகம் செத்தது, அலை அதைக் கொடியிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போனது. வெள்ளைப் பாய் எங்களைக் கடந்து கொடியைச் சுற்றியது. அதிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களே தவிர ஒருவரும் கேலி செய்யவில்லை. இன்னொரு படகு சுற்றியது. இன்னொன்று. வரிசையைக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை, குறித்தேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

வத்தைக்காரர் நான்காவது முறை கூப்பிட்டார். இந்த முறை கத்தவில்லை. அவருடைய உதட்டசைவில்தான் அது தெரிந்தது. தம்பியின் உதடும் அசைந்தது. சுக்கான் திரும்பியது.

அவர்கள் ஏழாவதாகக் கொடியைச் சுற்றினார்கள். கரையிலும் ஏழாவது.

நாங்கள் கரைக்கு வந்தபோது பரிசளிப்புக்கு மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பாய்க்காரர்களைத் தோளில் தூக்கியிருந்தார்கள். ஆனால் கூட்டத்தில் பாதிக்கு மேல் மேளத்தின் பக்கம் போகாமல், வத்தைக்காரரின் படகைச் சுற்றி நின்றது. கொடிப் பக்கம் நடந்தது எங்களுக்கு முன்பே கரையேறிவிட்டது.

மைத்துனர் தம்பியின் முகத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

தம்பி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். "வேணும்னுதான் சொல்லலை."

"என்னது?"

"பதில் வராட்டி என்ன பண்ணுவாருன்னு பாக்கணும். அதுக்குத்தான் ஏறுனேன்."

மைத்துனரின் கை கீழே இறங்கியது. அவர் கோபக்காரரே ஒழிய மந்தமானவர் இல்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியபோது அவருடைய குரலே மாறியிருந்தது.

"கேட்டுக்கங்க! எல்லாரும் கேட்டுக்கங்க! பதில் வரலை, திருப்பலை. மொத ஆளா வர வேண்டிய வத்தை, ஏழாவதா வந்திருக்கு. போட்டியிலயே இப்படி நின்ன மனுசன், அன்னைக்கு மழையில மட்டும் நிக்காமயா திருப்பியிருப்பாரு? நீங்களே சொல்லுங்க!"

சொன்னார்கள். முதலில் ஒருவர், பிறகு பலர். "அதானே", "நியாயந்தானே" என்று குரல்கள் எழுந்தன. தெக்கூர் ஆட்களிலும் சிலர் தலையசைத்தார்கள். பீடிக்காரர் முன்னால் வந்து வத்தைக்காரரின் தோளைத் தட்டினார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வத்தைக்காரரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

ஊர்க்கூட்டம் மூன்று முறை கூடி முடிக்காத வழக்கு அந்த மணலில் முடிந்துகொண்டிருந்தது. அது நிரூபணம் ஆகாது என்று எனக்குத் தெரியும். இன்று காத்திருந்தது அன்று காத்திருந்ததற்குச் சாட்சி இல்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. வத்தைக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா நின்றால் போதும்.

"அன்னைக்கு நிக்கலை" என்றார் வத்தைக்காரர்.

பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் கேட்டது. அவர்கள் பேச்சை நிறுத்தியதைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். மேளம் மட்டும் அந்தப் பக்கம் ஒலித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க பேசுறீங்க?" என்றார் மனைவி.

"கூப்பிட்டேன். மழை கொட்டுது. பதில் வந்திருக்கும்னு நெனைச்சேன். வத்தை சாயுது. திருப்பிட்டேன்." அவர் தம்பியிடம்தான் பேசினார். "பதில் வரலை. எனக்குத் தெரியும்."

மைத்துனர் அவருடைய கையைப் பிடித்தார். "மச்சான், வாங்க வீட்டுக்கு. உப்புத் தண்ணி தலைக்கு ஏறிருச்சு, வாங்க." வத்தைக்காரர் கையை விடுவித்துக்கொண்டார்.

தம்பி பிழிந்த வேட்டியை உதறிக் கட்டினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து இரண்டு பேர் அவருக்கு முன்னால் வந்தார்கள். அவர் அவர்களை விலக்கவில்லை, அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார். தெக்கூர்ப் பக்கம், தண்ணீர் ஓரமாகவே, திரும்பிப் பார்க்காமல் போனார். வத்தைக்காரர் அவர் மறையும் வரை பார்த்துவிட்டு, படகுக்குள் ஏறி, தேங்கியிருந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். அவருக்கு உதவ யாரும் ஏறவில்லை. கூட்டம் மேளத்தின் பக்கம் நகர்ந்தது.

"கெடுத்துக்கிட்டான்" என்றார் வியாபாரி. "வலிய வந்ததை ஒரு வார்த்தையில கெடுத்துக்கிட்டான். நாளைக்கு எவன் ஏறுவான்? பலகையில இருந்த மத்த ரெண்டு பேரும்கூட ஏற மாட்டானுங்க." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானா இருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டேன் சார்" என்றார். பிறகு சாப்பிடப் போகலாம் என்றார்.

அன்று மாலை அவருடைய கருவாடு அடுக்கிய கிட்டங்கியில் உட்கார்ந்து செய்தியை எழுதினேன். வென்ற படகு, ஊர், பரிசுக் கோப்பை வழங்கியவர், திரளான மக்கள். பத்தியில் நான்கு அங்குலம் வந்தது. ஏழாவது படகைப் பற்றி அதில் இல்லை.

மணமேல்குடிக்கு முதல் வண்டியைப் பிடிக்க, திங்கட்கிழமை விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. கரை வழியாகப் போவது சுற்று என்று வியாபாரி சொன்னார். ஆனாலும் அவரும் என்னோடு அந்த வழியாகத்தான் வந்தார். வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. படகுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். வத்தைக்காரரின் மனைவி அவர்களிடமிருந்து தள்ளி, தனியாக நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்தப் படகு இருந்த இடத்தில் மணலில் அதன் அடித்தடம் மட்டும் இருந்தது.

வியாபாரி கையை நெற்றியில் வைத்துக் கடலைத் தேடினார். முதலில் அவர்தான் பார்த்தார். எனக்குக் கையை நீட்டிக் காட்டினார்.

அது மற்றவற்றுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முழுப் பாய் விரித்திருந்தார்கள். பலகை வெளியே நீண்டிருந்தது, அதில் மூன்று பேர். சுக்கானில் தெக்கூர்த் தம்பி இருந்தார். பலகை நுனியில் வத்தைக்காரர் உட்கார்ந்திருந்தார்.